அணையாத மஞ்சள் லைட்



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்களும், பழைய கார் ஒன்று வாங்க யோசித்துக்கொண்டிருப்பவர்களும் நேரம் ஒதுக்கி வாசியுங்கள். கார் இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

நாங்கள் மூன்று ஆசிரியர்கள் ஒரே காரில் பாடசாலைக்குப் போய் வருகிறோம். 2004 ஆம் ஆண்டு செய்த ஜப்பான் கார். பெற்றோல் செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்வோம். ஒரு நாள் காலையில் டேஷ்போர்ட்டில் என்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் லைட் எரிந்தது. கார் வழமை போலவே ஓடியது. சத்தமில்லை, கரும்புகை இல்லை, இழுவையும் குறையவில்லை. கராஜுக்குக் கொண்டுபோனோம். சின்ன ஸ்கேனர் ஒன்றைச் செருகி, ஏதோ அழுத்தி, லைட்டை அணைத்துத் தந்தார்கள். நான்கு நாளில் திரும்பவும் எரிந்தது. திரும்பவும் அணைத்தோம். ஒட்சிசன் சென்சர்தான் போயிருக்கும் என்று யாரோ சொல்ல, பஞ்சிகாவத்தையில் பாவித்த சென்சர் ஒன்று வாங்கிப் போட்டோம். அதற்கும் லைட் மசியவில்லை. கடைசியில் பாஸ் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சேர், கார் ஓடுதுதானே. அந்த பல்பக் கழட்டி விட்டா நிம்மதியா இருக்கலாம்."

உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. ஆனால் எங்களில் ஒருவர் இரசாயனவியல் படிப்பிப்பவர், இன்னொருவர் வரலாறு படிப்பிப்பவர். கழற்றுவதற்கு முன் இந்த லைட்டைக் காருக்குள் வைத்தவன் யார், எதற்காக வைத்தான் என்று தேடிப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். தேடியபோது கிடைத்த கதையைத்தான் இங்கே பகிர்கிறோம்.

ஒரு நகரத்தின் கண் எரிந்தபோது

கதை 1943 ஜூலையில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்குகிறது. இரண்டாம் உலக மகா யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கி இரண்டு வருடமும் ஆகவில்லை. திடீரென்று ஒரு நாள் நகரத்தை மண்ணிறப் புகைமூட்டம் மூடியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது, சில கட்டடங்களுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஜப்பான் நச்சுவாயுத் தாக்குதல் நடத்திவிட்டதோ என்றுகூட மக்கள் பயந்தார்கள்.

பழி முதலில் செயற்கை இறப்பருக்கான மூலப்பொருளைச் செய்த ஒரு தொழிற்சாலையின் மேல் விழுந்தது. அதைத் தற்காலிகமாக மூடினார்கள். புகைமூட்டம் போகவில்லை. பிறகு எண்ணெய் சுத்திகரிப்பு நிலையங்கள், வீட்டு முற்றத்தில் குப்பை எரிக்கும் அடுப்புகள் என்று ஒவ்வொன்றாகப் பழி போனது. அவற்றுக்கும் பங்கு இருந்தது உண்மைதான். ஆனால் பெரிய குற்றவாளியை யாரும் சந்தேகிக்கவில்லை. காரணம், எல்லோரும் அதற்குள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அதைக் கண்டுபிடித்தவர் ஒல்லாந்தில் பிறந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற இரசாயனவியலாளர். அவர் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான சேர்வைகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர். பழத்தின் மணத்தைப் பிரித்தறிந்த அதே முறையால் நகரத்துக் காற்றைப் பிரித்துப் பார்த்தார். 1950களின் தொடக்கத்தில் விடை கிடைத்தது. கார்களிலிருந்து வரும் எரியாத ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் தாக்கமுற்று ஓசோனை உண்டாக்குகின்றன. மேல் வளிமண்டலத்தில் எமக்குக் குடையாக இருக்கும் அதே ஓசோன், மூக்குக்கு நேரே இருந்தால் நஞ்சு. வளைத்து வைத்த இறப்பர்த் துண்டுகள் அந்தக் காற்றில் எவ்வளவு விரைவாக வெடிக்கின்றன என்பதை வைத்தே ஓசோனை அவர் அளந்து காட்டினார்.

கார்க் கம்பனிகள் அதை இலகுவில் ஒத்துக்கொள்ளவில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிர்வாக சபை உறுப்பினர் கென்னத் ஹான் 1953 முதல் வருடக்கணக்காகக் கம்பனித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். போர்ட் கம்பனியிடமிருந்து வந்த பதிலின் சாரம், புகை காற்றில் விரைவாகக் கலைந்துவிடும், அது ஒரு பிரச்சினையே அல்ல என்பதுதான். 1969 இல் அமெரிக்க நீதித் திணைக்களமே பெரிய கார்க் கம்பனிகளுக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தது. புகையைக் குறைக்கும் கருவிகளின் வருகையைத் தமக்குள் பேசிவைத்துத் தாமதப்படுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த வருடத்திலேயே இணக்கத் தீர்ப்புடன் வழக்கு முடிந்தது.

புகையிலிருந்து கணினி வரை

இதற்கிடையில் கலிபோர்னியா மாநிலம் 1967 இல் காற்று வளங்கள் சபை என்ற அமைப்பை உருவாக்கியது. அதன் முதல் தலைவர் வேறு யாருமல்ல, எங்கள் அன்னாசிப்பழ ஆராய்ச்சியாளர்தான். 1970 இல் அமெரிக்கா முழுவதற்குமான தூய காற்றுச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. புதிய கார்களின் புகையில் உள்ள முக்கிய மாசுகளைச் சில வருடங்களுக்குள் 90 வீதத்தால் குறைக்க வேண்டும் என்று அது சொன்னது. முடியவே முடியாது என்று கம்பனிகள் கூக்குரலிட்டன. காலக்கெடு பல தடவை பின்போடப்பட்டது. ஆனாலும் 1975 மாடல் கார்களில் புதிய பொருள் ஒன்று வந்தது. அதுதான் நம் கராஜ்களில் 'கன்வேட்டர்' என்று சொல்லும் ஊக்கி மாற்றி.

பிளாட்டினம், பலேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற ஒரு கட்டி அது. புகை அதனூடாகப் போகும்போது காபனோரொட்சைட்டு காபனீரொட்சைட்டாக மாறும், எரியாத எரிபொருளும் எரிந்துபோகும். பெற்றோலில் ஈயம் இருந்தால் அந்த உலோகப் பூச்சு பழுதாகிவிடும். அதனால்தான் ஈயமற்ற பெற்றோல் பரவியது. எமது நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது 2002 இல். அதற்கு முன் இங்கே வந்து அந்தப் பெற்றோலில் ஓடிய கார்களின் கன்வேட்டர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று இரசாயனவியல் மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்த சிக்கல் நைதரசன் ஒட்சைட்டு. அதையும் சேர்த்து மூன்று மாசுகளையும் ஒரே கன்வேட்டரால் அழிக்க முடியும். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு கிராம் பெற்றோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற அளவில் கலவை இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கன்வேட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்யாது. பழைய காபரேட்டரால் இவ்வளவு துல்லியம் முடியாது. ஆகவே புகையில் எஞ்சியிருக்கும் ஒட்சிசனை மோப்பம் பிடிக்கும் சென்சர் ஒன்று தேவைப்பட்டது. பொஷ் நிறுவனம் உருவாக்கிய அந்த சென்சரை, கலிபோர்னியாவுக்குப் போன 1977 மாடல் வொல்வோ கார்களில் முதலில் பொருத்தினார்கள். சென்சர் சொல்வதைக் கேட்டு நொடிக்கு நொடி பெற்றோலைக் கூட்டிக் குறைக்க ஒரு கணினி வேண்டும். கணினி காருக்குள் வேரூன்றியது இப்படித்தான். நம்மில் பலர் நினைப்பது போல சொகுசுக்காக வந்ததல்ல. புகையைக் கட்டுப்படுத்த வந்தது.

லைட் பிறந்த காரணம்

இங்கேதான் எங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. சென்சர் பழுதானால் கணினிக்குக் குருட்டுப் பார்வை. அது ஒரு குத்துமதிப்பில் பெற்றோலைக் கொடுத்து காரை ஓட வைக்கும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பின்னால் போகும் புகை பல மடங்கு கெட்டுவிடும். பிரேக் பழுதானால் காலுக்குத் தெரியும். டயர் வெடித்தால் ஸ்டியரிங் சொல்லும். இந்தப் பழுது மட்டும் காருக்குள் இருப்பவரைத் தொடுவதில்லை, வெளியே இருப்பவரைத்தான் தொடும். அப்படியானால் உள்ளே இருப்பவருக்கு யார் சொல்வது? அதற்காகத்தான் அந்த லைட்.

ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1981 மாடல் கார்களில் 'செக் என்ஜின்' என்ற விளக்கைப் பரவலாகக் கொண்டுவந்தது. 1985 இல் கலிபோர்னியா சபை ஒரு விதி செய்தது: 1988 மாடலிலிருந்து ஒவ்வொரு காரும் தன்னைத் தானே பரிசோதித்து, கோளாறு இருந்தால் விளக்கெரித்துச் சொல்ல வேண்டும். ஓபிடி என்று கராஜ்களில் சொல்கிறார்களே, அதன் முதல் தலைமுறை இதுதான். ஆனால் ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு கோட், ஒவ்வொரு பிளக். 90களின் ஜப்பான் கார் வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பொனட்டுக்குள் இருக்கும் சின்னப் பெட்டியில் இரண்டு முனைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிட்டு, லைட் எத்தனை தடவை மினுங்குகிறது என்று எண்ணுவோம். இரண்டு மினுக்கு, ஓர் இடைவெளி, ஒரு மினுக்கு என்றால் 21. டொயோட்டாவில் அது ஒட்சிசன் சென்சரைக் குறிக்கும்.

அந்த முதல் தலைமுறை பெரும்பாலும் வயர் அறுந்ததா, சென்சர் செத்ததா என்று மட்டும்தான் பார்த்தது. கன்வேட்டர் தேய்ந்துபோனதை அதனால் சொல்ல முடியவில்லை. ஆகவே 1989 இல் இரண்டாம் தலைமுறை விதி வந்தது. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஒரே வகைப் பிளக், எல்லாக் கம்பனிக்கும் பொதுவான கோட்கள். 2001 முதல் ஐரோப்பாவிலும் புதிய பெற்றோல் கார்களுக்கு வந்தது. ஜப்பானும் பின்னர் தனக்கான வடிவில் கொண்டுவந்தது.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அமெரிக்காவின் 1990 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், இந்தத் தகவல்களைக் கம்பனியின் சொந்த கராஜ்கள் மட்டும் பூட்டி வைத்திருக்கக் கூடாது, வெளியிலுள்ள சாதாரண கராஜ்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று சொன்னது. இன்று நமது ஊர் கராஜில் கையளவு ஸ்கேனர் ஒன்றைச் செருகி ஏதோ ஒரு நாட்டில் செய்த காரின் நோயைப் படிக்க முடிகிறது என்றால், அந்தப் பொது மொழிதான் காரணம்.

எங்கள் லைட் ஏன் திரும்பத் திரும்ப எரிந்தது?

இரண்டாம் தலைமுறை விதியின் கணக்கைப் படித்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. பல கோளாறுகளுக்கு லைட் எடுத்த எடுப்பில் எரியாது. முதல் பயணத்தில் கோளாறு தெரிந்தால் கணினி மனதுக்குள் குறித்துக்கொள்ளும். அடுத்த பயணத்திலும் அதே கோளாறு இருந்தால்தான் விளக்கை எரிக்கும். புகையில் மாசு அனுமதிக்கப்பட்ட அளவின் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடும் என்பதுதான் பல கோளாறுகளுக்கு எல்லைக்கோடு. பழுது உண்மையிலேயே தீர்ந்தால், தொடர்ந்து மூன்று பயணங்கள் சுத்தமாக அமைந்த பிறகு லைட் தானாகவே அணையும். யாரும் ஸ்கேனர் போடத் தேவையில்லை.

ஸ்கேனரால் கோட்டை அழிக்கும்போது பழுது போவதில்லை. கணினியின் நினைவு மட்டும்தான் போகிறது. அது மீண்டும் ஒவ்வொரு சோதனையையும் முதலிலிருந்து செய்து பார்க்கும். சில நாளில் அதே முடிவுக்கு வரும். மாணவனின் புள்ளித்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பிள்ளை பாஸ் என்று சொல்வது போலத்தான் நாங்கள் மூன்று முறை செய்துகொண்டிருந்தோம்.

கடைசியில் வேறொரு பாஸிடம் போனோம். அவர் கோட்டை அழிக்கவில்லை. முதலில் எழுதி வைத்தார்: பி 0171. பெற்றோலை விடக் காற்று கூடுதலாக இருக்கிறது என்பதே அதன் பொருள். சென்சர் பழுது என்று அது சொல்லவில்லை. சென்சர் சரியாகத்தான் முறையிட்டிருக்கிறது. நாங்கள் முறைப்பாடு செய்தவரையே பிடித்து மாற்றியிருக்கிறோம். அவர் பொனட்டைத் திறந்து ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக விரலால் வளைத்துப் பார்த்தார். என்ஜினுக்குக் காற்றுப் போகும் வழியில், அடிப்பக்கத்தில் கண்ணுக்குப் படாத இடத்தில், ஒரு சிறிய வெக்கியூம் ஹோஸ் வெடித்திருந்தது. இருபது வருட வெப்பம். அதனூடாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போயிருக்கிறது. புதிய ஹோஸுக்குப் போன காசு, வீணாக வாங்கிய சென்சருக்குப் போனதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அல்ஹம்துலில்லாஹ், அன்றிலிருந்து லைட் எரியவில்லை.

விளக்கையே ஏமாற்றியவர்கள்

பல்பைக் கழற்றும் யோசனை சின்னக் கராஜ்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். 1996 முதல் 1998 வரையான மாடல்களில் சுமார் 22 இலட்சம் வாகனங்களில், பெற்றோல் ஆவிக் கசிவைக் கண்டு விளக்கெரிக்கும் முறை சரியாக இயங்கவில்லை என்று அமெரிக்க அரசு டொயோட்டாவின் மீது வழக்குத் தொடர்ந்தது. 2003 இல் வழக்கு இணக்கத்துக்கு வந்தது. பாடசாலை பஸ்கள் போன்ற பழைய டீசல் வாகனங்களின் புகையைக் குறைக்கும் வேலைக்கு 2 கோடி டொலர் செலவிட டொயோட்டா உடன்பட்டது. 2015 இல் வொக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டது இன்னும் பெரிய விடயம். பரிசோதனை நடக்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடந்து, வீதிக்கு வந்ததும் நைதரசன் ஒட்சைட்டை அள்ளி வீசும் மென்பொருளை, உலகெங்கும் சுமார் 1 கோடி 10 இலட்சம் டீசல் வாகனங்களில் வைத்திருந்தார்கள்.

இப்போது நமது நிலைமைக்கு வருவோம். இங்கே வாகனப் புகைப் பரிசோதனை 2008 இல் மேல் மாகாணத்தில் தொடங்கியது. வருடத்தில் ஒரு நாள், சில நிமிடங்கள். மீதி நாட்களைக் கண்காணிப்பது அந்த லைட் மட்டும்தான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இந்த இடைப்பட்ட காலத்தில் இருக்கும் கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. அந்தக் கைமாற்றங்களில்தான் லைட்டை அணைக்கும் வேலை அதிகம் நடக்கிறது. விற்பதற்கு முதல் நாள் கோட்டை அழிப்பவர்கள் இருக்கிறார்கள். பல்பைக் கழற்றுபவர்கள் இருக்கிறார்கள். கன்வேட்டரை வெட்டி அதிலுள்ள உலோகத்துக்காக விற்றுவிட்டு, வெறும் குழாயை ஒட்டிவிடுபவர்களும் இருக்கிறார்கள்.

சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த சம்பவத்தை நாம் எல்லோரும் சின்ன வயதில் படித்திருக்கிறோம். மேலே காய்ந்த தானியம், அடியில் ஈரம். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். அப்படியானால் நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்பதுதான் அந்தப் பாடம். அழித்த லைட்டோடு விற்கும் கார் அந்தக் குவியலிலிருந்து எவ்வளவு தூரம்?

நாங்கள் கற்றுக்கொண்டவை

1. சாவியை ஓன் செய்து, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பாருங்கள். செக் என்ஜின் லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், அல்லது யாரோ கை வைத்திருக்கலாம். பழைய கார் வாங்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.

2. மஞ்சளாக ஒரே சீராக எரிந்தால் பதற வேண்டாம், மறக்கவும் வேண்டாம். விரைவில் காட்டுங்கள். விட்டு விட்டு மினுங்கினால் என்ஜினில் பெற்றோல் சரியாக எரியாமல் கன்வேட்டருக்குப் போகிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை ஓட்டாமல் விடுங்கள். ஒயில் அல்லது வெப்பத்துக்கான சிவப்பு லைட் வேறு விடயம். அது எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

3. கோட்டை அழிக்கும் முன் எழுதி வாங்குங்கள். கோட் என்பது நோயின் அறிகுறி. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்ற துண்டுச்சீட்டு அல்ல.

4. பெரிய பாகங்களை மாற்றும் முன் சின்னவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஹோஸ், பிளக், பெற்றோல் டாங்க் மூடி, வயர் இணைப்பு.

5. காரை ஸ்கேன் செய்து வாங்குகிறீர்களா? சுய சோதனைகள் எல்லாம் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல சோதனைகள் முடியாமல் இருந்தால், கோட் அண்மையில்தான் அழிக்கப்பட்டிருக்கக் கூடும். பற்றரி கழற்றி மாட்டியிருந்தாலும் அப்படிக் காட்டும், ஆகவே விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

பாடசாலை விடும் நேரத்தில் எங்கள் வாசலில் நின்று பாருங்கள். வரிசையாக வான்களும் கார்களும் ஓட்டோக்களும் ஸ்டார்ட்டில் நிற்கும். அவற்றின் பின்னால், சைலன்ஸர் உயரத்துக்குத் தலை வரும் முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடப்பார்கள். நாங்களும் பல மாதம் அந்த லைட்டோடு அதே வாசலால் காரை எடுத்துக்கொண்டு போனவர்கள்தான். பாதையில் கிடக்கும் ஒரு முள்ளை அகற்றுவதையும் ஈமானின் பகுதியாகப் படித்துக் கொடுக்கும் நாம், அந்தப் பாதையில் எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று பார்க்கவில்லை.

உங்கள் காரில் இப்போது அந்த லைட் எரிந்துகொண்டிருக்கிறதா? இந்த வாரமே காட்டிவிடுங்கள். பெரும்பாலும் பயந்த அளவுக்குச் செலவு இருக்காது, இன்ஷா அல்லாஹ். ஓட்டுநர் நண்பர்களுக்கும் வான்காரர்களுக்கும் இதைப் பகிர்ந்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.